இணையச் செயலிக்குத் திறமூலக் குறிவரைவு நிரலகத்தைத் தெரிவுசெய்தல்: அகநானூற்றுத் திணைத் தரவை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

இணையத்தமிழ் பற்றிய உரையாடல் நம் வட்டாரத்திற்குப் புதியதன்று. 1997ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும் 2001ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலும் நடைபெற்ற தமிழ் இணைய மாநாடுகளின் காலத்தில் அறிஞர்களை வாட்டிய வினா, கணினித் திரையில் தமிழ் எழுத்தைப் பிழையின்றித் தோன்றச் செய்வது எவ்வாறு என்பதாகும். ஒருங்குறியும் அதனை ஏற்ற உலாவிகளும் பரவிய பின்னர் அவ்வினா தீர்ந்துவிட்டதாகவே பலரும் கருதுகின்றனர். ஆயினும் தமிழ்த் தரவைப் பட்டையாகவும் புள்ளியாகவும் கோடாகவும் வரைந்து இணையத்தில் காட்ட முற்படுகையில், பழைய வினா வேறு வடிவில் மீண்டும் தலைதூக்குகிறது. பத்தி உரையில் செம்மையாகத் தோன்றும் ‘குறிஞ்சி’ என்னும் சொல், குறிவரைவின் அச்சில் இடம் போதாதபோது ‘குறிஞ’ என நின்றுவிடுகிறது. அதனைக் காணும் மாணவர் தட்டச்சுப் பிழை என எண்ணுவர். உண்மையில் அது குறிவரைவை வரைந்த நிரலகத்தின் குறை.

இத்தகைய தொழில்நுட்பத் தெரிவுகளைக் கணினித் துறையினரிடம் விட்டுவிடலாமே எனச் சிலர் கேட்கக்கூடும். தமிழ் வாசிக்க அறியாத நிரலாளர் ஒருவருக்கு ‘குறிஞ’ என்பதும் ‘குறிஞ்சி’ என்பதும் ஒன்றுபோலவே அழகிய வளைகோடுகள். புள்ளி விழுந்ததை அவர் கண்டுபிடிக்க மாட்டார். கண்டுபிடிக்க வேண்டும் என எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆகவே தெரிவு செய்யும் இடத்தில் தமிழாசிரியரும் அமர்ந்திருத்தல் இன்றியமையாதது. அவ்வாறு அமர்வோர் அறிந்திருக்க வேண்டியவற்றை நாம் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

குறிவரைவு நிரலகம் என்பது தரவை வாங்கிக்கொண்டு பட்டைக்குறிவரைவு, வட்டக்குறிவரைவு, கோட்டுக்குறிவரைவு முதலியவற்றை உலாவியில் வரைந்து தரும் ஆயத்த நிரல் தொகுதியாகும். அளவுகோல், அச்சு, பெயர்ச்சீட்டு, வண்ண விளக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத வேண்டிய சுமையை அது குறைக்கிறது. இன்று வழக்கிலுள்ளவை பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அமைந்தவை.

எடுத்துக்கொண்ட தரவு

பொதுப்படப் பேசுவதைக் காட்டிலும் ஒரு தரவை எடுத்துக்கொண்டு பேசுவது பயன் தரும். அகநானூற்றின் பாடல்கள், கடவுள் வாழ்த்து நீங்கலாக, 400. அவற்றின் திணைப் பகுப்பு தமிழ் பயில்வோர் யாவரும் அறிந்ததே. ஒற்றைப்படை எண் பெற்றவை பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி. 4 என முடிபவை முல்லை. 6 என முடிபவை மருதம். பத்தின் மடங்குகள் நெய்தல். ஆகப் பாலை 200, குறிஞ்சி 80, ஏனைய மூன்றும் 40 வீதம் அமைகின்றன. பாடல்களின் அடியளவு 13 முதல் 31 வரை. தொகுப்பு, களிற்றியானை நிரை, மணிமிடை பவளம், நித்திலக்கோவை என மூன்று பகுதிகளாக 120, 180, 100 பாடல்களைக் கொண்டு நிற்கிறது. பாடல் எண், பகுதி, திணை, அடியளவு, புலவர் பெயர் என ஐந்து நிரல்களைக் கொண்ட 400 வரிசை அட்டவணையாக இதனை அமைத்து, மாணவர் தாமே தெரிவு செய்து பார்க்கத்தக்க இணையச் செயலி ஒன்றை உருவாக்குவதே நாம் மனத்தில் கொண்ட பணி.

இத்தரவு சிறியதாயினும் ஒரு நிரலகத்தைச் சோதிக்கப் பெரிதும் ஏற்றது. முதலாவதாக, எந்த வடிவம் பொருந்தும் என்னும் வினாவை அது எழுப்புகிறது. வட்டக்குறிவரைவை வில்லியம் பிளேஃபேர் 1801ஆம் ஆண்டில் அச்சிட்ட காலந்தொட்டு அதற்கு ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் உளர். கிளீவ்லண்டும் மெக்கில்லும் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பொது அளவுகோலின்மேல் அமைந்த இடத்தை ஒப்பிடுவதில் மனிதக் கண், கோணத்தை ஒப்பிடுவதைவிடத் துல்லியமானது எனக் காட்டியது. அதனால் வட்டத்தை முற்றாக விலக்க வேண்டும் என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அகநானூற்றைப் பொறுத்தவரை பாலை சரிபாதி என்பதே முதன்மைச் செய்தி. 180 பாகை கொண்ட அரைவட்டம் அதனை நொடியில் உணர்த்திவிடுகிறது. கலித்தொகைக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. அங்குப் பாலை 35, குறிஞ்சி 29, மருதம் 35, முல்லை 17, நெய்தல் 33. பாலைக்கும் நெய்தலுக்கும் உள்ள வேறுபாடு வட்டத்தில் ஐந்து பாகைக்கும் குறைவு. கண் அதனைக் காணாது. அவ்விடத்துப் பட்டையே வேண்டும். ஆகவே வடிவத்தை எளிதில் மாற்றிப் பார்க்க இடந்தரும் நிரலகமே கற்பித்தலுக்கு ஏற்றது.

இரண்டாவது செய்தி சற்று நுட்பமானது. பாடல் எண்ணைக் கிடையச்சில் இட்டுத் திணையை வண்ணத்தால் காட்டினால், சீப்பின் பற்கள் போன்று ஒழுங்கான அமைப்பொன்று திரையில் விரியும். பார்ப்பவர் மயங்குவர். அது புலவர் நெஞ்சின் ஒழுங்கன்று. தொகுத்தவர் எண்ணிட்ட முறையின் ஒழுங்கு. எந்த நிரலகமும் இதனைச் சொல்லாது. அழகாக வரைந்து கொடுக்கும், அவ்வளவே. குறிவரைவின் அருகில் ஆசிரியர் தம் விளக்கக் குறிப்பை எழுத வசதி உண்டா என்பதை நாம் தெரிவின் அளவுகோல்களுள் ஒன்றாகக் கொண்டமைக்கு இதுவே காரணம்.

திறமூலம் என்பதன் பொருள்

‘இலவசம்’ என்பதும் ‘திறமூலம்’ என்பதும் ஒன்றல்ல. திறமூல முனைப்பு என்னும் அமைப்பு 1998ஆம் ஆண்டில் தோன்றி, ஓர் உரிமம் திறமூலம் எனப்படுவதற்குரிய பத்து விதிகளை வகுத்தது. மூலநிரலைக் காணவும் திருத்தவும் மறுபகிர்வு செய்யவும் இசைவு இருத்தல் வேண்டும். பயன்படுத்துவோரையோ பயன்படும் துறையையோ வேறுபடுத்துதல் கூடாது என்பன அவற்றுள் சில. நார்வே நாட்டில் 2009ஆம் ஆண்டு தோன்றிய ஹைசார்ட்ஸ் நல்ல நிரலகம்; அதன் மூலநிரலும் பார்வைக்குக் கிடைக்கிறது. ஆயின் வணிகப் பயன்பாட்டிற்கு உரிமக் கட்டணம் உண்டு. எனவே அது திறமூலம் ஆகாது. ஏம்சார்ட்ஸ் கட்டணமின்றிப் பயன்படுத்தப்படும்போது குறிவரைவின்மேல் தன் சின்னத்தை இடுகிறது. கூகுள் சார்ட்ஸ் காசின்றிக் கிடைத்தாலும் அதன் நிரல் நம் கைக்கு வருவதில்லை. அந்நிறுவனத்தின் வழங்கியிலிருந்தே ஒவ்வொரு முறையும் இறங்குகிறது.

திறமூலத்திற்குள்ளும் உரிமங்கள் பல. சார்ட் ஜே.எஸ்., பிளாட்லி ஆகியன எம்.ஐ.டி. உரிமத்திலும், ஈசார்ட்ஸ் அப்பாச்சி உரிமத்திலும், வேகாவும் வேகா-லைட்டும் பி.எஸ்.டி. உரிமத்திலும், டி3யும் ஒப்சர்வபள் பிளாட்டும் ஐ.எஸ்.சி. உரிமத்திலும் வெளிவருகின்றன. இவை யாவும் பல்கலைக்கழகப் பணிக்கும், பின்னர் அப்பணி நூலாகவோ வணிகச் செயலியாகவோ மாறினால் அதற்கும் தடை விதிப்பதில்லை. உரிம அறிவிப்பை நீக்காதிருந்தால் போதும். ஆதலின் உரிமத்தை முன்னிட்டு இவற்றுள் ஒன்றை விலக்க வேண்டிய தேவை நமக்கில்லை.

ஆயினும் திறமூல உரிமம் மட்டுமே ஒரு பணியைக் காப்பாற்றிவிடும் என நம்புவதற்கில்லை. 2000ஆம் ஆண்டுகளில் ‘ஓப்பன் ஃபிளாஷ் சார்ட்’ என்னும் நிரலகம் பலராலும் விரும்பப்பட்டது. அது திறமூலமே. ஆனால் அது நின்ற தளமாகிய ஃபிளாஷ், தனியுடைமை. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாளுடன் அடோபி நிறுவனம் அதற்கான ஆதரவை நிறுத்தியது. அடுத்த மாதமே ஃபிளாஷ் உள்ளடக்கம் இயங்குவதையும் தடுத்தது. நம் தமிழ்ப்பள்ளிகளுக்கென அக்காலத்தில் உருவாக்கப்பட்ட ஊடாடும் பாடப்பொருள்கள் பலவும் ஃபிளாஷில் அமைந்தவை என்பதை ஆசிரியர்கள் அறிவர். வட்டுகள் இருக்கின்றன, திறக்கத்தான் முடியவில்லை. அதேபோல் கூகுளின் படக்குறிவரைவுச் சேவை 2012ஆம் ஆண்டில் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டு 2019ஆம் ஆண்டில் அணைக்கப்பட்டது. அதனை நம்பியிருந்த பக்கங்களில் படங்கள் இருந்த இடம் வெறுமையாயிற்று.

ஆகவே நாம் கேட்க வேண்டிய வினா இருவகைத்து: நிரல் நம் கையில் இருக்குமா? அது நிற்கும் தளம் பொதுச்செந்தரமா? இரண்டிற்கும் ‘ஆம்’ என விடை வந்த பின்னரே அழகு, வேகம் முதலியவற்றைப் பற்றிப் பேசுதல் தகும்.

வரையும் முறை இரண்டு

உலாவியில் குறிவரைவை வரைவதற்கு இன்று இரு பொதுச்செந்தர வழிகள் உள்ளன. ஒன்று, 2001ஆம் ஆண்டில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் பரிந்துரையாக வெளியிட்ட எஸ்.வி.ஜி. மற்றொன்று, ஆப்பிள் நிறுவனம் 2004ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திப் பின்னர் செந்தரமாகிய கேன்வாஸ். எஸ்.வி.ஜி.யில் ஒவ்வொரு பட்டையும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனி உறுப்பாகப் பக்கத்தில் வாழ்கிறது. கேன்வாஸில் எல்லாம் புள்ளிகளாகக் கரைந்து ஒரே ஓவியமாகிவிடுகிறது; ‘நெய்தல்’ என எழுதிய சொல் அங்குச் சொல்லாக இல்லை, வண்ணத் தடமாக இருக்கிறது.

இவ்வேறுபாடு தமிழுக்கு எவ்வாறு பொருள்படுகிறது? எஸ்.வி.ஜி.யில் உள்ள தமிழ்ச்சொல்லை மாணவர் சுட்டியால் தெரிந்து நகலெடுக்கலாம், உலாவியில் தேடலாம், எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து மங்காது. தாளில் அச்சிட்டாலும் கூர்மையாக நிற்கும். தமிழ் எழுத்துரு இணையத்திலிருந்து தாமதமாக வந்து சேர்ந்தால் உலாவியே சொற்களைப் புதிய எழுத்துருவில் மீண்டும் வரைந்துவிடும். கேன்வாஸில் அவ்வாறன்று. எழுத்துரு வந்து சேருமுன் குறிவரைவு வரையப்பட்டுவிட்டால் மாற்று எழுத்துருவில் அமைந்த அந்த ஓவியமே நிலைத்துவிடும். எழுத்துரு வந்ததும் மீண்டும் வரையுமாறு நிரலாளர் தனியே ஆணையிட வேண்டும். ஆங்கிலச் சொற்களில் இக்குறை உறுத்துவதில்லை. தமிழில் எழுத்தின் அகலம் எழுத்துருவுக்கு எழுத்துரு பெரிதும் வேறுபடுவதால் பெயர்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும்.

கேன்வாஸுக்கும் தனிச்சிறப்பு உண்டு. சங்க இலக்கியச் சொற்கள் அனைத்தையும் தனித்தனிப் புள்ளியாக இட வேண்டுமாயின் பல்லாயிரம் உறுப்புகளைச் சுமக்க முடியாமல் எஸ்.வி.ஜி. தள்ளாடும்; கேன்வாஸ் அதனைச் சலிப்பின்றி வரையும். நம் தரவில் உள்ளவை 400 புள்ளிகளே. ஆகவே நாம் எஸ்.வி.ஜி.யின் பக்கம் சாய்ந்தோம்.

எழுத்து, குறியெண், பெயர்ச்சீட்டு

தமிழ்ப் பயனருக்கு உண்மையான சிக்கல் தொடங்கும் இடம் இதுவே. ‘குறிஞ்சி’ என்பதில் எத்தனை எழுத்து என்று முதலாம் ஆண்டு மாணவரைக் கேட்டால் கு, றி, ஞ், சி என நான்கு என்பார். ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் எட்டு என்னும். உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனிக் குறியெண்களாக ஒருங்குறி கொண்டிருப்பதே இதற்குக் காரணம். இவ்வாறே ‘முல்லை’ மூன்றெழுத்து, ஆறு குறியெண். ‘பாலை’ இரண்டெழுத்து, நான்கு குறியெண். ‘மருதம்’ நான்கெழுத்து, ஆறு குறியெண். ‘நெய்தல்’ நான்கெழுத்து, ஏழு குறியெண். எழுத்துக்கும் குறியெண்ணுக்கும் இடையே நிலையான விகிதம் ஒன்றும் இல்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஆகவே எட்டை இரண்டால் வகுத்துச் சரிசெய்துவிடலாம் என்னும் குறுக்குவழியும் உதவாது.

அச்சில் இடம் போதாதபோது நிரலகங்கள் பெயரை வெட்டி மூன்று புள்ளி இடுகின்றன, அல்லது மடித்து அடுத்த வரிக்குக் கொண்டுசெல்கின்றன. பலவும் குறியெண்களை எண்ணியே வெட்டுகின்றன. ‘குறிஞ்சி’யை ஐந்தாம் குறியெண்ணில் வெட்டினால் ஞகரத்தின் புள்ளி போய்விடும். மடித்தால், தனித்துவிடப்பட்ட புள்ளி அடுத்த வரியின் தொடக்கத்தில் புள்ளிவட்டத்தின்மேல் ஏறி நிற்கும். சொல்லடைவுத் தரவில் எழுத்து நீளத்தைக் கணக்கிட்டுக் குறிவரைவாகக் காட்டுவோர்க்கு இது வெறும் தோற்றப்பிழையன்று, முடிவையே பிழையாக்கும். சொல்லின் எழுத்துகளை எண்ணுவதாகக் கருதிக் குறியெண்களை எண்ணிவிட்டால், உயிர்மெய் மிகுந்த சொற்கள் யாவும் நீண்ட சொற்களாகத் தோன்றும்.

இதற்கு மருந்து உலாவியிலேயே உள்ளது. ஜாவாஸ்கிரிப்டின் பன்மொழி வசதிகளுள் ஒன்றாகிய ‘செக்மெண்டர்’ என்னும் கருவி, சொல்லை மனிதர் காணும் எழுத்துகளாகப் பிரித்துத் தருகிறது. 2020ஆம் ஆண்டில் குரோம் உலாவியில் வந்த இக்கருவி, 2024ஆம் ஆண்டில் ஃபயர்ஃபாக்ஸிலும் இடம்பெற்றது. க்ஷ, ஸ்ரீ போன்ற கூட்டெழுத்துகளை மட்டும் அது இரண்டாகப் பிரிக்கும். சங்க இலக்கியத்தோடு நிற்போர்க்கு அது கவலையன்று. பெயரை நிரலகத்திடம் கொடுக்குமுன் நாமே இக்கருவியால் பிரித்து, மடிக்க வேண்டிய இடத்தில் மடித்துக் கொடுப்பதே பாதுகாப்பான வழி. சார்ட் ஜே.எஸ்.இல் பெயரை வரிகளின் அணியாகத் தரலாம். வேகா-லைட்டில் அச்சுப்பெயரின் அகலம் இயல்பாக 180 புள்ளி எனக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. அவ்வெல்லையைச் சுழியம் என மாற்றிவிட்டால் அது வெட்டுவதையே நிறுத்திவிடும். இவற்றையெல்லாம்விட எளிய வழியும் ஒன்று உண்டு: பட்டைகளைக் கிடையாக அமைத்தல். தமிழ்ப் பெயர்கள் நீளமானவை. செங்குத்துப் பட்டையின் அடியில் அவற்றைச் சாய்த்து எழுதிக் கழுத்தைத் திருப்பி வாசிக்கச் செய்வதைக் காட்டிலும், இடப்பக்கத்தில் நேராக எழுதிவிடுவது மேல். வரி உயரத்தையும் சற்றுக் கூட்டுதல் வேண்டும். இகர ஈகாரக் கொக்கிகளும் உகர ஊகாரச் சுழிகளும் மேலும் கீழும் வெட்டுப்படுவதை அது தடுக்கும்.

எண்ணும் வரிசையும்

பக்கத்தின் மொழி ‘தமிழ்’ என மட்டும் குறித்துவிட்டால் உலாவி அதனை இந்தியத் தமிழாகவே கொள்ளும். அப்போது ஒரு நூறாயிரம் என்பது 1,00,000 எனத் தோன்றும். தமிழ்நாட்டு வாசகர்க்கு அதுவே இயல்பு. நம் பள்ளிகளிலோ 100,000 என்றே எழுதிக் கற்பிக்கிறோம். தமிழ்–மலேசியா, தமிழ்–சிங்கப்பூர் எனத் தனித்தனி வட்டார அமைப்புகள் உள்ளன. அவற்றைக் குறித்தால் எண் நம் முறையில் பிரியும். சார்ட் ஜே.எஸ். இவ்வமைப்பை உலாவியிடமிருந்தே பெறுகிறது. டி3யும் அதன் வழிவந்தனவும் எண்ணமைப்பைத் தாமே வைத்திருக்கின்றன. அவற்றின் இயல்பான மூவிலக்கப் பிரிப்பு நமக்குப் பொருந்திவிடுகிறது.

வரிசைப்படுத்தலில் இன்னும் கவனம் தேவை. ஒருங்குறியில் னகரம் நகரத்தையும், றகரம் ரகரத்தையும் அடுத்து வைக்கப்பட்டுள்ளது. ஆகவே குறியெண் வரிசையில் அடுக்கினால் பனை, பலா, பழம் என வரும். அகரமுதலிப்படி பலா, பழம், பனை என்பதே முறை. உலாவியில் உள்ள தமிழ் வரிசைக் கருவி இதனைச் சரிசெய்துவிடும். நிரலகங்கள் அதனைத் தாமாக அழைப்பதில்லை. திணைக்கோ அகரவரிசையே பொருந்தாது. வேகா-லைட்டும் ஒப்சர்வபள் பிளாட்டும் வகைப் பெயர்களைத் தாமே வரிசைப்படுத்திவிடும் இயல்புடையவை. குறிஞ்சி, நெய்தல், பாலை, மருதம், முல்லை என வரும். தொல்காப்பியர் நிலம் கூறும் முறையாகிய முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்பதைப் பின்பற்றிப் பாலையை இறுதியில் வைக்க விரும்புவோர் அவ்வரிசையை வெளிப்படையாக எழுதித் தருதல் வேண்டும். டி3யும் சார்ட் ஜே.எஸ்.உம் நாம் தந்த வரிசையை மதிக்கின்றன.

வண்ணம் பற்றி ஒரு சொல். திணைக்குரிய பூவின் நிறத்தையே கொடுக்கலாம் என மாணவர்கள் ஆர்வத்துடன் முன்வருவர். குறிஞ்சிக்கு நீலம் சரி. முல்லைக்கு வெண்மை கொடுத்தால் வெள்ளைத் திரையில் முல்லையைத் தேட வேண்டிவரும். சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காண இயலாதோர் வகுப்பில் இருக்கக்கூடும் என்பதையும் மறத்தலாகாது. திணைப்பெயரைப் பட்டையின் அருகிலேயே எழுதிவிட்டால் வண்ணத்தின் சுமை குறையும்.

நிரலகங்கள் சில

டி3, 2011ஆம் ஆண்டில் மைக் பொஸ்டாக், ஜெஃப்ரி ஹீர், வாடிம் ஒகிவெட்ஸ்கி ஆகியோரால் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதற்குமுன் அவர்தம் குழுவினர் உருவாக்கிய புரோட்டோவிஸ், டி3 தோன்றியதும் வளர்ச்சி நின்றது. டி3யை ஆயத்தக் குறிவரைவுத் தொகுதி எனல் பொருந்தாது. அது கருவிப்பெட்டி. பட்டையை வரைய வேண்டுமாயின் அளவுகோலையும் அச்சையும் நாமே கோக்க வேண்டும். இதுவரை எவரும் வரையாத வடிவம் ஒன்றைக் கருதியிருப்போர்க்கு, எடுத்துக்காட்டாகத் திணை, துறை, கூற்று ஆகியவற்றின் உறவை ஒரே படத்தில் காட்ட விழைவோர்க்கு, அதற்கு நிகர் இல்லை. ஆனால் எழுதியவர் துறையை விட்டு வேறிடம் சென்றபின் அந்நிரலைப் படித்துத் திருத்துவார் யார்? பட்டமேற்படிப்பு மாணவர்களை நம்பி நடக்கும் நம் துறைகளில் இது வெற்று வினா அன்று.

சார்ட் ஜே.எஸ். 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. கற்க எளிது, சிறியது, கேன்வாஸ் ஒன்றையே பயன்படுத்துகிறது. வகுப்பறையில் வினாடிவினா முடிவுகளைக் காட்டுவது போன்ற அன்றாடத் தேவைக்கு நாம் தயங்காமல் பரிந்துரைப்போம். 2021ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் அச்சுகளைக் குறிக்கும் எழுத்துமுறை மாறியதால் பழைய நிரல்கள் அப்படியே இயங்கவில்லை. டி3யும் 2016ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பில் தன் பெயர்களை மாற்றிக்கொண்டது. இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டை நகலெடுத்து இயங்கவில்லை எனச் சோர்வோர், பெரும்பாலும் பதிப்பு மாறிய எடுத்துக்காட்டையே நகலெடுத்திருப்பர்.

ஈசார்ட்ஸ் சீனாவின் பைடு நிறுவனத்தில் பிறந்து, 2018ஆம் ஆண்டில் அப்பாச்சி அறக்கட்டளையின் அடைகாப்பிற்குள் சென்று, 2020ஆம் ஆண்டின் இறுதியில் அதன் முழுமையான திட்டமாயிற்று. தனியொரு நிறுவனத்தின் விருப்பத்திற்கு உட்படாமல் பொது அமைப்பின் ஆளுகையில் இருப்பது அதன் வலிமை. கேன்வாஸ், எஸ்.வி.ஜி. இரண்டிலும் வரையும். நாட்காட்டி, மரம், ஆற்றோட்டம் எனப் பல வடிவங்கள் ஆயத்தமாக உள்ளன. ஆவணங்கள் சீனத்திலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. உருவாக்குநர்களின் கலந்துரையாடல் பெரும்பகுதி சீனத்தில் நடக்கிறது. சீனம் வாசிக்கும் சக ஊழியர் பக்கத்து அறையில் இருக்கும் நம் நாடுகளில் இது குறையாகாமலும் போகலாம்.

பிளாட்லி 2015ஆம் ஆண்டில் திறமூலமாக்கப்பட்டது. புள்ளியியல் வடிவங்களுக்கு மிகச் சிறந்தது. முழுத்தொகுப்பு மூன்று மெகாபைட்டைத் தாண்டுவதால், கிராமப்புறப் பள்ளியில் கைப்பேசி இணைப்பில் திறப்போர் காத்திருக்க வேண்டிவரும். பகுதித் தொகுப்புகள் இச்சுமையைக் குறைக்கும்.

நாம் இறுதியில் கைக்கொண்டது வேகா-லைட். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுக்குழு ஒன்றின் பணி அது. லீலண்ட் வில்கின்சன் 1999ஆம் ஆண்டில் நூலாக்கிய ‘வரைவியல் இலக்கணம்’ என்னும் கருத்தை அடியொற்றியது. பட்டையை வரை என ஆணையிடுவதற்கு மாறாக, திணையைச் செங்குத்து அச்சில் வை, பாடல் எண்ணிக்கையைக் கிடையச்சில் வை, உருவம் பட்டை என விவரித்தால் போதும். அவ்விவரிப்பு ஒரு சிறு உரைக்கோப்பு. இலக்கணம் பயின்றோர்க்கு இம்முறை விரைவில் கைவரும் என்பது நம் அனுபவம். உறுப்புகளைக் கூட்டிப் புதுத்தொடர் ஆக்குவது போன்றே பட்டையைப் புள்ளியாக்கிப் பகுதிவாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். தரவுக்கோப்பையும் விவரிப்புக்கோப்பையும் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அப்படியே வைக்கலாம். நிரலகம் மறைந்தாலும், எதை எதற்கு எதிரே வரைந்தோம் என்பதை வரும் தலைமுறை வாசித்து அறியும். ஃபிளாஷ் வட்டுகள் அவ்வாறு வாசிக்கத்தக்கவையாக இருந்திருந்தால் மீட்டெடுக்கும் பணி பாதியாகக் குறைந்திருக்கும்.

நிறுவும்போது கருத வேண்டியவை

நிரலகத்தை வெளி வழங்கியிலிருந்து ஒவ்வொரு முறையும் இறக்கிக்கொள்ளும் வழக்கத்தை நாம் தவிர்த்தோம். 2024ஆம் ஆண்டில் பாலிஃபில் என்னும் பெயருடைய இணையமுகவரி கைமாறியபின் அதனை நம்பியிருந்த ஏராளமான தளங்களுக்குத் தீநிரல் சென்றடைந்தது. கோப்பைப் பதிப்பெண்ணுடன் நம் வழங்கியிலேயே வைத்துக்கொண்டால் அத்தகைய இடர் இல்லை. மாணவர் பார்வையிடும் விவரம் பிறரைச் சென்றடையவும் வாய்ப்பில்லை.

பார்வைக் குறையுடைய மாணவர்களை முன்னிட்டும் சில செய்தோம். வேகா எஸ்.வி.ஜி.யாக வரையும்போது திரைவாசிப்பிக்குரிய குறிப்புகளைத் தானே சேர்க்கிறது. ஆனால் அச்சை விளக்கும் அக்குறிப்புகள் ஆங்கிலத்தில் அமைபவை. தமிழ்ப்பக்கத்தின் நடுவே ஆங்கிலத் தொடரைத் தமிழ் ஒலிப்பில் வாசித்தால் கேட்போர்க்கு ஒன்றும் விளங்காது. ஆகவே ஒவ்வோர் அச்சிற்கும் தமிழ் விளக்கத்தை நாமே எழுதினோம். குறிவரைவின் அடியில் அதே தரவை எளிய அட்டவணையாகவும் இட்டோம். அட்டவணையைப் பார்வையுள்ளோரும் விரும்பிப் பயன்படுத்துகின்றனர்.

வகுப்பிற்குத் தாளாகத் தர விரும்பும் ஆசிரியர்க்கு உலாவியின் அச்சிடும் வசதியே போதும். பக்கத்தை பி.டி.எஃப். ஆக மாற்றித்தரும் தனி நிரலகங்கள் சிலவற்றிற்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது; ‘நெய்தல்’ என்பதில் கொம்பை நகரத்திற்குப் பின்னால் இட்டுவிடும். எதனைச் சேர்ப்பதாயினும் முதலில் நெ, கொ, மௌ ஆகிய மூன்றையும் அச்சிட்டுப் பார்த்துவிடுதல் நலம்.

அகநானூற்றுக்குப்பின் கலித்தொகைத் தரவைச் சேர்த்தோம். கடவுள் வாழ்த்தும் எண் பெற்று நிற்பதால் நூலில் 150 பாடல்கள். திணைக்கு உரியவை 149. விழுக்காட்டை எதன்மேல் கணக்கிடுவது என்பதை நிரலகம் தீர்மானிக்க இயலாது. நாம் 149ஐ அடிப்படையாகக் கொண்டு, அக்குறிப்பைக் குறிவரைவின் தலைப்பிற்குக் கீழேயே அமைத்துள்ளோம்.